மேலாளர் புல்வெளிக்குப் போனார்

பேன்ட்டைக் காலுறைக்குள் செருகியாகிவிட்டது. அதன் மேல் இன்னொரு காலுறையும் ஏற்றியாகிவிட்டது. இப்போது ஷூ நுழையமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"மூச்சை இழுத்துப் பிடி," என்றார் மேலாளர்.

"மூச்சைப் பிடிச்சா கால் எப்படிப்பா சின்னதாகும்?" என்றாள் மகள்.

நியாயமான கேள்வி. ஆனால் நியாயமான கேள்விகளுக்குப் பதில் சொல்லி யாரும் காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளர் ஆனதில்லை.

"அம்மா ஷூவை எடுத்துப் போடு."

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பள்ளிக்கூட இயற்கை மன்றத்தோட ஏரிக்கரைக்குத்தானே போறா? நிலாவுக்கு அனுப்புற மாதிரி கட்டி வெச்சிருக்கீங்க."

"நிலான்னா கவலையே இல்ல. அங்க புல் கிடையாது. புல் இல்லாத இடத்துல உண்ணி கிடையாது."

மகள் மன்றத்தில் சேர்ந்ததிலிருந்து அவர் உண்ணியைப் பற்றிப் படிக்காமல் படுத்ததில்லை. எங்கே ஒளியும், எங்கே ஏறும், கடித்தால் என்ன காய்ச்சல் வரும், எல்லாம் அத்துப்படி. அதனால்தான், "நீங்களும் அவசியம் கூட வரணும் சார்," என்று டீச்சர் போனில் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. இத்தனை நாள் ஏன் கூப்பிடவில்லை என்றுதான் வியந்தார்.

மகளிடம் மட்டும் கறாராகச் சொல்லியிருந்தார். "ஒரு கடி. ஒரே ஒரு கடி பட்டாலும் மன்றத்துக்கு முழுக்கு. புரியுதா?"

அவளுக்கு மன்றம் என்றால் உயிர். ஆகவே அம்மாவின் ஷூவில் வாத்து நடை நடந்து வேனில் ஏறினாள்.

ஏரிக்கரையில் இறங்கியதும் மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! உண்ணி பறக்காது, குதிக்காது. புல் நுனியில் காத்திருந்து தொற்றிக்கொள்ளும். கடித்துவிட்டால் எண்ணெய் ஊற்றக் கூடாது, தீக்குச்சியால் சுடக் கூடாது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். முக்கியமாக, பதறக் கூடாது!"

"அங்கிள், ஏரியை எப்ப பார்ப்போம்?"

"பூச்சி மருந்து அடிச்ச பிறகு."

அடித்தார். காற்று எதிர்ப்பக்கம் வீசியது. மருந்து முழுவதும் வேன் டிரைவர் முகத்தில் போய் இறங்கியது.

"நான் வேனை விட்டே இறங்கலையே சார்!" என்று டிரைவர் கண்ணைக் கசக்கினார்.

அடுத்து, பாதையின் நடுவில் ஒருவர் பின் ஒருவராக நடக்கச் சொன்னார். முன்னால் போனவனின் முதுகைத் தவிர எந்தப் பிள்ளைக்கும் எதுவும் தெரியவில்லை. பெரிய ஷூ தடுக்கி மகள் குப்புற விழ, பின்னால் வந்தவர்கள் வரிசை கலையாமல் அவள் மேல் விழுந்தார்கள்.

"பாதையில் அபாயம் குறைவு என்பதை இப்போது நிரூபிக்கிறேன்," என்றார் மேலாளர். பையிலிருந்து வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்துப் புல்லின் மேல் இழுத்தார். திருப்பிப் பார்த்தால், துணியில் எள் தூவியது போலச் சில கறுப்புப் புள்ளிகள் ஊர்ந்தன.

பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கிடைத்த முதல் வேடிக்கை அது. "டேய், நிஜ உண்ணிடா!" என்று மொத்தக் கூட்டமும் பாதையை விட்டுப் பாய்ந்தது.

"தொடாதீங்க! கிட்ட வராதீங்க!" மேலாளர் விரிப்பைச் சுருட்டித் தம் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

பிள்ளைகளைப் பாதைக்குத் திரும்ப வைப்பதற்குள் டீச்சருக்குக் குரல் கட்டிவிட்டது. அப்போதுதான் மகள் அவர் கழுத்தை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா... உங்க கழுத்துல ஒண்ணு ஒட்டிட்டிருக்கு."

"எடு! எடுத்துடு! எண்ணெய் ஊத்து! தீப்பெட்டி யார்கிட்ட இருக்கு?"

"நீங்கதானே கூடாதுன்னு சொன்னீங்க? உட்காருங்க. அசையாதீங்க."

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் புல் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. அவள் தன் பையிலிருந்து இடுக்கியை எடுத்து, தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்தாள்.

"அவ்வளவுதான்பா. இங்க பாருங்க, முழுசா வந்துடுச்சு." சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். பிறகு மெல்ல, "கடி பட்டாச்சே... மன்றத்துக்கு முழுக்காப்பா?" என்றாள்.

மேலாளர் கழுத்தைத் தடவிக்கொண்டார். வலியே இல்லை. எதிரே ஏரியில் வெயில் தகதகத்தது. காலையிலிருந்து அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

"கடிச்சது என்னைத்தானே? நீ அடுத்த வாரமும் வரலாம்," என்றார். "முதல்ல அந்த ஷூவை மாத்து. வாத்தே உன்னைப் பார்த்துச் சிரிக்குது."

வேனில் ஏறும் முன், மகள் மற்ற பிள்ளைகளின் காது மடலையும் முழங்கால் மடிப்பையும் பார்த்து முடித்தாள். ஒருவர் உடம்பிலும் உண்ணி இல்லை. மேலாளருக்கு மறுபடி நெஞ்சு நிமிர்ந்தது.

"பார்த்தீங்களா டீச்சர்? பிள்ளைங்க ஒருத்தருக்கும் ஒரு கடி இல்ல. பாதுகாப்புக்கு என்னைக் கூப்பிட்டது வீண் போகல."

டீச்சர் கட்டிய குரலில் சொன்னாள்:

"பாதுகாப்புக்கு நாங்க உங்க பொண்ணை வெச்சிருக்கோம் சார், 'எங்கப்பாவுக்குப் புல்லுன்னாலே பயம், ஒரு தடவை கூட்டிட்டு வாங்க மிஸ், நான் பத்திரமா பார்த்துக்கறேன்'னு அவதான் உங்களுக்காகக் கெஞ்சினா."