உயிருள்ள இசைத்தட்டு

காஜா பெராங் வட்டாரத்தில் அந்த மாதம் செவிடர்களுக்குத்தான் யோகம். செவிடர்கள் மட்டுமா? காதுவலிக்காரன், தலை சுற்றுகிறவன், மருமகள் சொன்னது விழவில்லை என்று நடிக்கிற மாமியார், எல்லோரும் சேதுபதியின் அரிசிக் கிடங்குக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். புக்கிட் ரம்பாயிலிருந்து லாரி பிடித்து வந்தார்கள். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் ஜவுளிக்கடையை மூடிவிட்டு வந்தார்கள். பிழைக்க வந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அறிவுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.

உள்ளே நாதசித்தர் உட்கார்ந்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்தவர், அதற்கு முன் இமயமலை என்று சேதுபதி சொன்னார். சித்தரின் தத்துவம் எளிது. பழைய கிராமபோன் தட்டு அரக்கால் செய்தது. அரக்கைத் தந்தது பூச்சி. பூச்சிக்கு உயிர் உண்டு. ஆகவே அரக்குத் தட்டில் பாடுகிற குரலுக்கும் உயிர் உண்டு. இப்போது கடைக்கு வந்திருக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் தட்டோ பிணம். பிணம் பாடிக் கேட்டால் காது அழுகாமல் என்ன செய்யும்? பட்டுப்பூச்சிக்கும் உயிர் உண்டே, சித்தரின் பட்டு வேட்டி ஏன் பாடவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

வைத்தியமும் எளிது. வீட்டிலுள்ள பிளாஸ்டிக் தட்டுகளைச் சித்தரிடம் தகனத்துக்கு ஒப்படைக்க வேண்டும். காணிக்கை வைத்து அவருடைய பெட்டியிலிருந்து ஓர் அரக்குத் தட்டை வாங்க வேண்டும். மந்திரித்த எண்ணெயைக் காதில் விட்டு அதைக் கேட்க வேண்டும். ஊசி, மருந்து கூடவே கூடாது. தகனம் நடந்ததாகச் சொன்னார்கள். புகையைத்தான் யாரும் பார்த்ததில்லை.

மல்லிகாவின் மகள் சீதாவுக்கு வலது காதில் சீழ் வடிந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், குறைந்தும் வந்தது. கெட்ட நேரம், மல்லிகாவின் கணவன் ஜெயபாலன் தீபாவளிக்குப் புதுப் பாட்டுப்பெட்டியும் பிளாஸ்டிக் தட்டுகளும் வாங்கியிருந்தான். பஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி, நாலு எழுத்துப் படித்தவன். கிடங்குக்குப் போன அவனைச் சித்தர் ஒரு பார்வை பார்த்தார்.

"பிள்ளையோட காதை நீயே கெடுத்துட்டியேப்பா."

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஜெயபாலனுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டுகளைக் கொண்டுபோய் ஒப்படைத்தான். ஊசியை நிறுத்தினான். எண்ணெயை ஊற்றினான். பிள்ளை வலியில் துடித்தாள்.

"என்னங்க, சீழ் கூடிப் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்," என்றாள் மல்லிகா.

"கெட்டது வெளியேறுதுன்னு சாமி சொன்னாரு. நான் பண்ணுன பாவம், நான்தான் தீர்க்கணும் லா."

மல்லிகாவுக்கு ஆத்திரம் வந்தது; அவன் முகத்தைப் பார்த்ததும் அழுகையும் வந்தது. வாதாடி இந்த மனுஷனை மீட்க முடியாது என்று தெரிந்துகொண்டாள். மறுநாள் அவளும் கிடங்குக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

சித்தர் ஓர் அரக்குத் தட்டை உயர்த்திக் காட்டிவிட்டுச் சுழல விட்டார். பாட்டு கரகரவென்று எழுந்தது. அவர் உடம்பு சிலிர்த்து ஆடியது. "அந்தக் கரகரப்புதான் மூச்சு. தட்டு மூச்சு விடுது," என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடுத்துப் பிளாஸ்டிக்கை உயர்த்திக் காட்டினார். பாட்டு கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. சித்தர் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிணவாடையாம்.

மல்லிகா கவனித்தாள். முதலில் கண் பார்க்கிறது. பிறகுதான் உடம்பு ஆடுகிறது.

எழுந்தாள். "சாமி, தட்டைப் பாக்காமலே சொல்வீங்களா?"

"கண்ணெதுக்கும்மா? காது போதும்."

"அப்ப நாளைக்கு நான் திரைக்குப் பின்னால வெச்சுப் போடுறேன். எதுக்கு உயிர் இருக்குன்னு சொல்லுங்க."

ஜெயபாலன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். சேதுபதிக்கோ முகம் மலர்ந்தது. "சாமிக்கு இதெல்லாம் கச்சான் கடலை கொறிக்கிற மாதிரி. போடு தங்கச்சி," என்றார். கூட்டம் இரட்டிப்பாகும் என்பது அவர் கணக்கு.

மல்லிகா கடைக்குப் போய்ப் புதிதாக இரண்டு தட்டு வாங்கினாள். ஒன்று அரக்கு, ஒன்று பிளாஸ்டிக். அரக்குத் தட்டை உறையோடு பத்திரமாக வைத்தாள். பிளாஸ்டிக் தட்டில் மணலைத் தூவி உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்தாள்.

மறுநாள் கிடங்கு கொள்ளவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து முதல் பாட்டு தெளிவாக இழைந்து வந்தது. சித்தர் மூக்கைப் பொத்தினார். "பிளாஸ்டிக். பிணம். தூக்கி எறி."

இரண்டாவது பாட்டு கரகரத்தது. சித்தர் துள்ளி எழுந்தார். கண் செருகியது. தலைமுடி அவிழ்ந்தது. "அரக்கு, அரக்கு. என்ன மூச்சு, என்ன உயிர்," என்று ஆடித் தீர்த்தார்.

மல்லிகா திரையை விலக்கினாள். உயிருள்ள தட்டை எடுத்து எல்லோரும் பார்க்க இரண்டு கையாலும் வளைத்தாள். வாழைமட்டை போல வளைந்தது. பிணத்தை எடுத்துத் தரையில் போட்டாள். அரக்கு சில்லு சில்லாகச் சிதறியது.

"வளையுறது பிளாஸ்டிக். மணல் போட்டுத் தேய்ச்சேன். சாமி சொன்ன மூச்சு அந்த மணல்தான்."

சித்தர் வியர்வையைத் துடைத்தார். "என் பார்வை பட்டு அதுக்கு உயிர் வந்திருச்சு."

"அப்ப எல்லாத் தட்டுக்கும் உயிர் குடுத்துடலாமே சாமி. பழசை ஏன் விக்கிறீங்க?"

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். இன்னொருவன் உள்ளறைக் கதவை உதைத்துத் திறந்தான். தகனமான தட்டுகள் அத்தனையும் அங்கே கட்டுக் கட்டாக, சிங்கப்பூர்க் கடைக்கு விலாசம் எழுதி அடுக்கியிருந்தன. திரும்பிப் பார்த்தால் சித்தரைக் காணோம். சேதுபதி, "நானும்தான் ஏமாந்தேன்," என்று மூட்டைகளுக்கு நடுவில் நின்று முனகினார்.

ஜெயபாலன் யாரையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு ஓடி, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். சீழ் நின்றது. ஆனால் செவிப்பறை ஓட்டையாகியிருந்தது. அந்தக் காது பாதிதான் கேட்கும் என்றார் டாக்டர். அதன்பின் அவன் சீதாவிடம் எது பேசினாலும் இடப்பக்கம் வந்து நின்றே பேசினான்.

ஒரு வாரம் கழித்து, புக்கிட் ரம்பாயிலிருந்து பொன்னம்மா என்றொரு அம்மாள் வந்து மல்லிகாவின் கதவைத் தட்டினாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தங்கச்சி, நீ மணல் போட்டியே, அந்தத் தட்டு இன்னும் இருக்கா? சாமிக்கே அருள் வந்த தட்டாச்சே."

மல்லிகா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டு காதுக்கும் நடுவுல மூளைன்னு ஒண்ணு இருக்கு அக்கா. மொதல்ல அதைப் போட்டுக் கேளுங்க."