மண்டபத்து மாமாவின் ஆஸ்பிசஸில்

ஒரு வார்த்தைக்குப் பொருள் தெரிந்தால் பயன்படுத்தலாம். அது பிறந்த கதையும் தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது.

பென்னாகரத்தில் மலையூர்ப் பிள்ளைகளுக்கு ஒருநாள் கம்ப்யூட்டர் முகாம் ஏற்பாடு செய்தேன். இடம், மின்சாரம், மதியச் சாப்பாடு மூன்றும் மண்டபத்து மாமாவின் உபயம். (அப்பாவின் சிநேகிதர், சொந்தமாகக் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்.) நன்றியாக அழைப்பிதழில் அவர் பெயருக்கு மேல் ‘அண்டர் தி ஆஸ்பிசஸ் ஆஃப்’ என்று அச்சடித்தேன். தமிழில் ‘ஆதரவில்’ என்று போட்டிருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முகாமன்று காலை, ரிப்பன் வெட்டும் நேரத்தில் மாமா கேட்டார். “இதுக்கு என்னா கண்ணு அர்த்தம்?”

“உங்க ஆதரவுல நடக்குதுன்னு அர்த்தம் மாமா.” அங்கேயே நிறுத்தியிருக்கலாம். (இன்ஜினியரிங் படித்தவள், பாதியில் நிறுத்த வராது.) “அந்தக் காலத்துல ரோம்ல எதை ஆரம்பிச்சாலும் பறவை பறக்கறதப் பாத்து சகுனம் பாப்பாங்க. அதுலருந்து வந்த வார்த்தைங்க.”

மாமா கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தார். “நாம பாத்தமா?”

“இல்லைங்க.”

“எம்பேரப் போட்டுட்டு, பாக்காத எப்படி? கருடன் வரட்டும், கதவத் தெறக்கலாம்.”

விடியலில் பஸ் ஏறி வந்த பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். எனக்கு மூன்று வழிகள் தோன்றின: காக்கையைக் காட்டுவது, புறாவைக் காட்டுவது, அழுவது. முதல் இரண்டையும் மாமா நிராகரித்துவிட்டார். ராகுகாலம் வேறு நெருங்கியது; அது தொடங்கிவிட்டால் மாமா கதவைத் திறக்கவே மாட்டார், பிள்ளைகள் அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டியதுதான்.

அவர்களுக்கு வேடிக்கையாவது இருக்கட்டும் என்று, கல்யாண வீடியோ எடுக்கும் என் அண்ணனிடம் ட்ரோனைப் பறக்கவிடச் சொன்னேன்.

“பருந்து அடிச்சிரும்டி.”

“பருந்தக் காணோம்னுதானே எல்லாரும் நிக்கறோம்.”

அவன் ரிமோட்டைக் கையில் எடுத்தான். ட்ரோன் தென்னைக்கு மேலே எழும்பியதும், எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் கழுத்துக் கருடன் பாய்ந்து வந்து ஓர் அறை விட்டது. ட்ரோன் நேராக மண்டபத்துக் கிணற்றுக்குள் போனது.

மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பெருமாளே அனுப்பி வெச்சிருக்காரு. கதவத் தெறங்கப்பா.”

“என் ட்ரோனுங்க…” என்றான் அண்ணன்.

“போவட்டும் வுடு தம்பி. சகுனம் பிரமாதம்.”

முகாமும் பிரமாதமாகத்தான் நடந்தது. அடுத்த முகாமுக்கும் மண்டபம் தருவதாக மாமா அன்றே சொல்லிவிட்டார். அண்ணனுக்குத்தான் மனம் ஆறவில்லை. இப்போதும் வீட்டில் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பி, வாசலில் சகுனம் நன்றாக இருக்கிறது என்று அம்மா சொன்னால் போதும், அவன் தன் கேமராப் பையை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறான்.