பிரின்சிபால் வீட்டுப் பெண்

பள்ளிக்கூடம் போகாத பிள்ளை, ஆளைக் கண்டால் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும் என்று நம்பியவன் நான். நம்பினேன் என்பதைவிட, அப்படி ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதே சரி.

எதிர்வீட்டுப் 'பிரின்சிபால்' போல ஒரு வீம்புக்காரரைத் திண்டுக்கல் மலைக்கோட்டை இதுவரை பார்த்திருக்காது. அவர் தொழில், எரிந்துபோன தண்ணி மோட்டாருக்குச் செப்புக் கம்பியால் காயில் சுற்றுவது. மகள் பொன்னியை எந்தப் பள்ளியிலும் சேர்க்காமல் தானே படிக்கவைத்ததால் தெரு கொடுத்த பட்டம் அது. மாதாமாதம் பெற்றோர் கூட்டம்கூட உண்டு. இவர் வாத்தியாராக நாற்காலியில் இருப்பார்; மனைவி பெற்றோராக வந்து, "சார், பிள்ளைக்கு இங்கிலீசு பத்தல. வாத்தியார மாத்துங்க" என்று வெளுத்து வாங்குவார். இவர் "சரிங்கம்மா" என்று பவ்யமாக எழுதிக்கொள்வார். எல்லாம் எங்கள் ஜன்னலுக்குக் கேட்கும்.

ஆத்தூர், வேடசந்தூர் என்று மோட்டார் கழற்ற எங்கே போனாலும் வண்டியின் பின்னால் பொன்னி. கிணற்றின் ஆழம் பார்ப்பது கணக்கு. தோட்டக்காரரிடம் பேச்சுக் கொடுப்பது சமூக அறிவியல். திரும்பி வந்து இறங்கிய பிறகும் அப்பனும் மகளும் பேசித் தீராமல் வாசலிலேயே நிற்பார்கள். என் வயிறு எரிந்தது அதற்குத்தான். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் கார்த்தி என்னிடம் பேசுவது "ம்". கோபம் வந்தால் "ம்ம்".

நானும் விடுவேனா? ஒருநாள் நானும் லீவு போட்டு, அவனையும் போடவைத்து, அவனுக்குப் பின்னக் கணக்கு எடுத்தேன். பத்தரைக்கெல்லாம் என் மனைவி வந்து, "ஏங்க, ஒங்களுக்கே வரலைல்ல? பிள்ளைய விட்டுட்டுச் செத்த நேரம் படுங்க" என்று என் பள்ளியை இழுத்து மூடினாள்.

கடைசி ஆயுதம், கார்த்தியின் பிறந்தநாள். அவன் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு நடுவில் பொன்னி திருதிருவென முழிப்பதைக் கண்குளிரப் பார்க்கவே எதிர்வீட்டு அப்பனையும் மகளையும் அழைத்தேன். பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பொன்னி உள்ளே வந்தாள்.

"ஏலே, இது கேக்கு வெட்டுற வீடா, எழவு வீடா? எந்திரிங்கடா!"

ஐந்தே நிமிடத்தில் வீடு இரண்டுபட்டது. கார்த்தி வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவனைச் சிரிக்கவைத்தது நான் இல்லை என்பதால் எனக்குக் கேக் இறங்கவில்லை.

பிரின்சிபாலை நாலு வார்த்தை குத்தலாகக் கேட்க வாசலுக்குப் போனேன். செருப்புகளுக்கு நடுவில், தட்டும் கையுமாக ஒண்டி நின்றிருந்தார்.

"என்ன பிரின்சிபால், உள்ள வாங்க."

"இருக்கட்டும்ணே. உள்ள அம்புட்டுப் பேரு இருக்காக. என்ன பேசுறதுன்னு வெளங்கல. படிக்கிறப்பவும் இப்பிடித்தேன். பத்து வருசமும் கடைசி பெஞ்சு, ஒத்தையா."

அன்றைக்கு அந்த விருந்தில் யாரோடும் பழகத் தெரியாமல் நின்றவர் எங்கள் பிரின்சிபால் ஒருவர்தான். செருப்புகளை ஒதுக்கிவிட்டுப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போகும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தோம்.