நார் விரிப்பில் படுத்திருந்தவன்

என் பிணத்தை நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, நல்ல வெயில். என் அம்மா அப்பா, எனக்குப் பார்த்திருந்த பெண், அவளைப் பெற்றவர்கள் என்று ஒரு கூட்டமே கூட நின்று பார்த்தது. இதைவிடக் கேவலமாக ஒருத்தன் சாக முடியாது.

அப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கிங் வேலை எனக்கு. சேரப்பணஞ்சேரியில் கன்னியம்மா அக்கா வீட்டுப் பின்பக்கத்து ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன். பெண் சுமதி, பக்கத்து வடக்குப்பட்டு. நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளை இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் முந்திக்கொண்டு அறையைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். (மகா புத்திசாலி.) “எங்க கம்பெனி ஸ்கிராப் யார்டு மாதிரியே இருக்கு” என்று பதில் வந்தது.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் தோட்டம் வைப்பது எப்படி என்று நாலு நாள் வீடியோ பார்த்தேன். ஆளுயரத்துக்கு ஒரு தேங்காய் நார் விரிப்பு வாங்கினேன். அதற்கு மேலே கூரைக் கொக்கிகளில் ஐந்து தொட்டிகள் தொங்கின. ஜன்னலுக்கு நர்சரியில் கட்டும் பச்சை வலை, வலை மேல் மணி பிளான்ட். பட்டப்பகலிலும் அறை குளத்துக்கு அடியில் இருப்பது போல ஆகிவிட்டது. எனக்கு அது அழகாகத் தெரிந்தது.

தட்டில் கடுகைத் தூவினால் மூன்றே நாளில் பச்சைப்பசேல் என்று ஒரு வீடியோ சொன்னது. நைட் ஷிப்ட் முடிந்து வந்த திங்கட்கிழமை காலை, கடுகுப் பொட்டலத்தோடு தட்டைத் தேடி அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பொட்டலத்தில் எலி போட்ட ஓட்டையை நான் பார்க்கவில்லை. தட்டும் கிடைக்கவில்லை. குளித்துவிட்டு, துவட்டக்கூடத் தெம்பில்லாமல் ஈர உடம்போடு நார் விரிப்பில் விழுந்தவன், மத்தியானம்தான் எழுந்தேன். முதுகெல்லாம் கடுகு. மிச்சத்தைப் பெருக்கித் தள்ளினேன். என் எடையில் நாருக்குள் அழுந்திப் போன கடுகு துடைப்பத்துக்கு வரவில்லை.

பெற்றோரைக் கூட்டிவர அன்றைக்கே திருநெல்வேலிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. செடிகள் வாடாமல் இருக்க, தண்ணீர் பாட்டில்களைக் கவிழ்த்துக் கட்டி, ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றும் டியூபைத் தொட்டிகளுக்குச் செருகினேன். கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டேன்.

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கன்னியம்மா அக்கா போன் செய்தார்.

“தம்பி, ஊருக்குப் போறேன்னு தானே சொன்ன?”

“ஊர்லதான் இருக்கேன்க்கா.”

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அப்போ உன் வூட்டுல படுத்துகினு கீறது யாரு?”

“பூட்டிட்டுத்தானேக்கா வந்தேன்!”

“பூட்டு போட்டது போட்டபடி கீது. ஜன்னல் இடுக்குல பாத்தேன். ஒரு கைய தலைக்கு வச்சிகினு, ஒரு காலை மடக்கிகினு படுத்துகினு கீறான். பச்சையா இன்னாவோ போத்திகினு கீறான். கூப்ட்டேன், அசையல. உள்ள டொக்கு... டொக்குன்னு சத்தம் வேற.”

போர்வையாக இருக்கும் என்று சமாளித்தேன். என் போர்வை ஊதா நிறம்.

மறுநாள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சுமதி வீட்டார் எங்களுக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தார்கள். கையில் துடைப்பத்தோடு அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். யாரும் ‘வாங்க’ என்றுகூடச் சொல்லவில்லை. நான் பூட்டைத் திறந்தேன்.

ஈர மண் வாடை முகத்தில் அடித்தது. உள்ளே, பச்சை வெளிச்சத்தில், அவன் படுத்திருந்தான். தலை, தோள், விரித்த கை, மடக்கிய கால். உடம்பு முழுக்கப் பச்சை ரோமம் போல என்னவோ அடர்ந்திருந்தது. டியூப் ஒன்று நழுவி அவன் நெஞ்சுக்கு நேராகத் தொங்கியது. டொக்கு. கதவு வழியாகக் காற்று நுழைந்ததும் அந்த நெஞ்சு மெல்ல அசைந்து எழுந்து தணிந்தது.

அம்மா என் கையைப் பிடித்தாள். சின்ன வயதிலிருந்து நான் எப்படிப் படுப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

“எய்யா, நீ இங்ஙன நிக்க... அப்போ அங்ஙன கெடக்கது யாரு?”

கேட்டுவிட்டு, நான் நான்தானா என்று பார்க்க ஒரு கிள்ளு கிள்ளினாள். அலறினேன். நான் அலறியதைக் கேட்டுச் சுமதியின் அம்மா அலறினார். அதைக் கேட்டு அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார்.

சுமதியின் அப்பா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஷிப்ட் சூப்பர்வைசராகப் போகும் முன் விவசாயம் பார்த்தவர். குனிந்தார். அவன் வயிற்றில் ஒரு பிடி கிள்ளி வாயில் போட்டு மென்றார்.

“கடுகு. நல்லாத்தான் வந்துகீது.”

நான் நடந்ததைச் சொன்னேன். சுமதி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. “உசுரோட கீற ஆளு உருவத்துல செடி மொளைச்சா அது நல்லதுக்கா? வாங்க போலாம்” என்று வாங்கி வந்த பழத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டு நடந்தார்.

செடியைப் பிடுங்கலாம் என்றால் அம்மா விடவில்லை. “எம்புள்ள நெஞ்சுல யாரும் கை வைக்காதீய!” கடைசியில் விரிப்போடு இழுத்து முற்றத்தில் போட்டோம். அக்காவின் ஆடு வந்து தலையிலிருந்து ஆரம்பித்தது. அது கழுத்துக்கு வந்தபோது என் கழுத்து நிஜமாகவே அரித்தது.

ஒன்பது நாள் சுமதி வீட்டிலிருந்து பேச்சே இல்லை. சம்பந்தம் போய்விட்டது என்று அப்பா ஊரிலிருந்து போனில் ஆறுதல் சொன்னார். பத்தாம் நாள் சுமதியே கூப்பிட்டாள்.

“அம்மாவ ஒருவழியா சரிகட்டிட்டேன். ஒரே ஒரு கேள்வி. எப்பவுமே கைய காலை இப்படித்தான் விரிச்சிகிட்டுப் படுப்பீங்களா?”

“ஏன்?”

“இல்ல, நான் எங்க படுக்கறதுன்னு பாத்தேன்.”

கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. நைட் ஷிப்ட் முடிந்து நான் பகலில் தூங்கும் நேரம் பார்த்துத்தான் மாமனார் போன் செய்வார்.

“மாப்ள தூங்கறாரா, மொளைச்சிட்டாரா?”

சுமதி அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொல்வாள்: “இன்னும் தண்ணி ஊத்தலப்பா.”