அப்பாமாரைப் படுக்க வைத்த மடி டொக்டர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில், மீசை வைத்த ஆம்பிளைகளை மல்லாக்கப் படுக்கவைத்துப் பல் தீட்டிவிட்ட ஒரே பெண்மணி எங்கள் மடி டொக்டர்தான். குருநகரில் அவருடைய சின்னக் கிளினிக் வாசலில் உண்மைப் பெயர் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதை ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ஊருக்கு அவர் மடி டொக்டர். ஏன் அந்தப் பெயர் என்பதை நான் படுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் மகள் மதுராவுக்கு அப்போது இரண்டரை வயது. மேல் முன்பற்களில், முரசை, அதாவது ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு. "பால்பல்லுத்தானே, விழத்தானே போகுது" என்றேன். என் மனைவி சாந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எங்கள் சண்டிலிப்பாய் வீட்டிலிருந்து குருநகர் வரை ஓட்டிக்கொண்டு போனேன்.

கிளினிக் வாசலிலேயே மதுரா வீரிட்டாள். டொக்டர் அவள் பக்கம் திரும்பவேயில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை இருக்கட்டும். அப்பா, நீங்கள் படுங்கோ."

"எனக்குப் பல்லிலை ஒரு பிரச்சினையும் இல்லை, டொக்டர்."

"அதை நான் சொல்லவேணும். அம்மா, நீங்கள் கட்டிலிலை ஏறி இருங்கோ. அவரின்ரை தலையை உங்கடை மடியிலை வையுங்கோ."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து நாலு பேர் பார்க்க நான் சாந்தியின் மடியில் தலை வைத்ததில்லை. வாங்கில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். படுத்தேன். டொக்டர் மதுராவின் கையில் ஒரு குட்டி டோர்ச்சைக் கொடுத்தார்.

"செல்லம், அப்பாவின்ரை வாய்க்குள்ளை லைற் அடியுங்கோ பாப்பம்."

அழுகை நின்றது. உற்றுப் பார்த்தாள். "அப்பாவின்ரை வாய்க்குள்ளை ஊத்தை!" என்று அவள் அறிவித்தது கடற்கரை வரை கேட்டிருக்கும்.

"ஓம், நல்ல ஊத்தை" என்றபடி டொக்டர் ஒரு புதுப் பிரஷை எடுத்து என் பற்களைத் தீட்டிக்கொண்டே சாந்திக்குப் பாடம் நடத்தினார். "தலை மடியிலை இருந்தால் எல்லாப் பல்லும் தெரியும். உதட்டை இப்பிடி உயர்த்துங்கோ. முரசோடை சேர்த்து மெல்ல மினுக்குங்கோ. புளோரைட் உள்ள பேஸ்ட், ஒரு அரிசி அளவு காணும். காலமையும் படுக்க முன்னமும்."

நான் எழும்பியதும் மதுரா தானாகவே ஏறிப் படுத்துவிட்டாள். டொக்டர் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு ஏதோ மருந்து பூசினார்.

"உது சொத்தையின்ரை தொடக்கம். ஓட்டை இன்னும் விழேல்லை. வடிவாய் மினுக்கினால் உதிலையே நிக்கும்."

"பால்பல்லு விழும்தானே, டொக்டர்?"

"விழும். அதுக்கு நாலைஞ்சு வருசம் கிடக்கு. அதுவரைக்கும் பிள்ளை நோவோடை சாப்பிடட்டுமோ?"

சீனி போட்ட பாலைச் சூப்பிப் போத்தலில் கொடுத்து நித்திரையாக்குவது எங்கள் வீட்டு வழக்கம். அதுவும் அன்றோடு தடை. படுத்த பிறகு வெறும் தண்ணீர் மட்டும். முதல் சில நாட்கள் மதுரா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் இடம் மாறிப் படுத்தது.

இதெல்லாம் எனக்கு மட்டும் நடந்த கொடுமை என்று நினைத்திருந்தேன். அடுத்த முறை போனபோது வாங்கில் பக்கத்தில் ஒரு சம்மாட்டி இருந்தார். சொந்தமாகப் படகுகள் வைத்திருப்பவர், மலை மாதிரி ஆள். மீன் சந்தையில் நாலு பேர் நடுவில் டொக்டர் தன்னைப் பிடித்த கதையைச் சொன்னார்.

"'இண்டைக்குப் பிள்ளையளுக்கு ஆர் மினுக்கினது?' எண்டு கேட்டா, தம்பி. 'அவையள் தாங்களே மினுக்குவினம்' எண்டு சொல்லிப்போட்டன். 'அஞ்சு வயசுப் பிள்ளையளிட்டை உங்கடை போட்டைக் குடுப்பியளோ? பிறகு பிரஷை மட்டும் என்னெண்டு தனியக் குடுக்கிறியள்?' எண்டு ஒரு ஏச்சு! புயலுக்கே பயப்பிடாதனான். உவவைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு மற்றப் பக்கத்தாலை போயிடுவன்."

எங்களுக்கு அந்த வசதியும் இல்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் ஒழுங்கையில் டொக்டரின் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. அன்று காலை நாங்கள் பல் தீட்டிவிடவில்லை. ஓடிப்போய் மதுராவின் பிரஷைப் பைப்பில் நனைத்து வைத்தேன்.

"உதாலை போனனான், எட்டிப் பாத்தன்" என்று உள்ளே வந்தவர் நேரே பிரஷைத்தான் எடுத்தார். தண்ணீர் சொட்டியது. "மத்தியானத்திலை ஈரம். பிரஷைக் குளிப்பாட்டினனீங்களோ?"

சாந்தி சிரிப்பை அடக்கமுடியாமல் சோறு வெந்துகொண்டிருந்த குசினிக்குள் ஓடினாள். கனடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த சொக்லேற் ரின்னை நான் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அதுவும் அகப்பட்டது.

"ஏன் ஒளிக்கிறியள்? சோத்தோடை சேர்த்து ஒரு துண்டு குடுங்கோ. நாள் முழுக்க நன்னிக்கொண்டு திரியத்தான் விடக்கூடாது" என்று சொல்லிவிட்டுத் தானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். போகும்போது இன்னொன்று.

அதற்குப் பிறகு நான் பிரஷைக் குளிப்பாட்டவில்லை. மாலையில் கால் நீட்டி உட்கார்ந்தால் மதுரா வந்து மடியில் விழுவாள். நான் தீட்டுவேன். முடிந்ததும் என் வாய்க்குள் டோர்ச் அடிப்பது அவள் முறை. சில மாதம் கழித்து டொக்டர் அவளுடைய உதட்டை உயர்த்திப் பார்த்தபோது நானும் குனிந்து பார்த்தேன். கோடு பெரிதாகவில்லை. மினுமினுப்பாக இறுகியிருந்தது.

"நிண்டிட்டுது" என்றார். பாராட்டு அவ்வளவுதான். "அடுத்த ஆள்!"

போன மாதம் போனபோது டொக்டரின் கன்னம் வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல் பிடுங்கவேண்டும். பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்த சிநேகிதியான பல் டொக்டர் ஊசியோடு நிற்க, இவர் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, "ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். வாங்கிலிருந்த சம்மாட்டி எழும்பிப் போய் மெதுவாகச் சொன்னார்:

"கண்ணை மூடுங்கோ, டொக்டர். கெதியா முடிஞ்சிடும்."

மூடினார். முடிந்தது. வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு, சிநேகிதி வீட்டுக்குப் போகச் சொல்லியும் கேளாமல், காத்திருந்த பிள்ளைகளையெல்லாம் கையசைத்துக் கூப்பிட்டுப் பார்த்தார். பேச முடியவில்லை. ஒரு தகப்பனுக்கும் ஏச்சு விழவில்லை. கிளினிக் அவ்வளவு அமைதியாக இருந்து நாங்கள் பார்த்ததில்லை. எங்களில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை.