உன் நான்கு புள்ளி எட்டும் என் இரண்டு புள்ளி ஒன்றும்

இறைவன் துணை.

என் கூடப் பிறந்த தங்கைக்கு, அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் ஒருமாதிரி இருக்கிறோம். அங்கே நீ, உன் வீட்டுக்காரர், பிள்ளைகள், உங்கள் சலவை நிலையம், அதன் தலைமேல் மின்னுகிற நட்சத்திரங்கள் எல்லாம் குறைவில்லாமல் இருக்கட்டும் என்று காலையில்தான் வேண்டிக்கொண்டேன். நட்சத்திரம் என்கிற இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அது வேறு விஷயம்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ அழகாகப் பேசுவாய், நான் நடுவில் வாயடைத்து நிற்பேன், வைத்த பிறகுதான் சொல்ல வந்ததெல்லாம் ஞாபகம் வரும். அதனால் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை கிடையாது. உன் சலவை நிலையத்தைப் பற்றி இன்றுவரை யாரிடமும் ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னவள் இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எங்கள் மடிப்பக்காவை நீ வேலைக்கு எடுக்காதே.

மடிப்பக்கா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியாது. பதினான்கு வருடமாக எங்கள் சலவைப் பட்டறையில் விரிப்பு மடிக்கிறவள். அவள் அடுக்கிய அடுக்கை அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் ஒரு நூல் வெளியே நீட்டியிருக்காது. ஒன்றாம் தேதி முதல் பெரிய ஆஸ்பத்திரி வேலை எங்களுக்கு வருகிறது, தினம் நானூறு விரிப்பு. அவள் இருக்கிற தைரியத்தில்தான் உன் அத்தான் கையெழுத்துப் போட்டார். இப்போது அவள் உன்னிடம் வேலை கேட்டிருக்கிறாளாம், நீங்களும் வரச் சொல்லிவிட்டீர்களாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அவளே சொன்னாள். இது எப்படி வந்தது என்று ஆதியிலிருந்து சொல்கிறேன், எரிச்சல்படாமல் படி.

ஆஸ்பத்திரி வேலைக்கு இன்னும் நாலு பேர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தோம். ஒருவரும் வரவில்லை. ஒருவன் மட்டும் வாசல்வரை வந்து, போனைப் பார்த்து, அப்படியே திரும்பினான். உன் அத்தான் ஓடிப்போய் என்னப்பா என்று கேட்டதற்கு, உங்க பேருக்கு அஞ்சுக்கு ரெண்டு புள்ளி ஆறுதான் சார் இருக்கு என்றானாம். வேலை செய்கிறவர்கள் முதலாளிக்கு மார்க் போடுகிற ஒரு பக்கம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். மார்க் போடுகிற வேலை என்னுடையது என்றல்லவா நான் நினைத்திருந்தேன்? யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் எந்த விரிப்பில் கறையை விட்டார்கள், யார் பிரார்த்தனையில் கண்ணைத் திறந்தார்கள் என்பது வரைக்கும் என் நோட்டில் தேதிவாரியாக இருக்கிறது.

திறந்து பார்த்தால் ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள், ஒருவரும் பெயர் போடவில்லை. நீராவி அறையில் காற்றில்லை, மனுஷன் வேகிறான் என்று ஒன்று. முதலாளியம்மா தினமும் கால் மணி நேரம் பிரார்த்தனைக்கு நிற்க வைக்கிறார், அது வேலை நேரத்தில் சேராது என்று ஒன்று. அதை இரண்டு தரம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான் ஆண்டவனுக்கு ஆள் சேர்த்தால் அதற்கும் நட்சத்திரத்தைக் குறைப்பார்களா?

அப்புறம் உன் அத்தான் சும்மா இராமல் உங்கள் பக்கத்தைத் திறந்தார். நாற்பத்தொரு பேர், நான்கு புள்ளி எட்டு. அதுகூடப் போகட்டும். திட்டி எழுதின ரெண்டு மூன்று பேருக்கு நீ பதில் எழுதியிருக்கிறாயே, அதைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கே படித்துக் காட்டினார். “உன் தங்கச்சி எழுத்தப் பாரு. திட்டினவனே வெக்கப்பட்டுத் திரும்ப வேலைக்கு வந்துடுவான்.” அன்றைக்கு மட்டுமில்லை, நாலு நாள். குழம்பு எப்படி இருந்தது என்று ஒரு நாளும் சொல்லாத மனுஷன். நீ காலேஜ் போனவள். நான் ஏழாவதோடு நின்று, பொட்டலம் கட்டின காகிதம், பக்திப் புத்தகம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துத் தானாகத் தமிழ் கற்றவள். நம் குடும்பத்தில் எழுத்தென்றால் அது நான்தான் என்று இருந்தேன். உன் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதியதே யார், சொல்லு.

சரி, நமக்கும் எழுத வரும் என்று உட்கார்ந்தேன். நீராவி அறையைப் பற்றி எழுதியது யார் என்று நோட்டைப் புரட்டினேன். அடிக்கடி முகத்தைத் துடைக்கிறவர் இஸ்திரிக்காரர்தான். எனவே ஊரறிய அவருக்கே பதில் போட்டேன்: இஸ்திரிக்காரரே, ஆறு மாதத்தில் இருபத்திரண்டு நாள், மொத்தம் நூற்று நாற்பத்தேழு நிமிடம் நீர் தாமதம். மூன்றாம் தேதி மதியம் போர்வைக் குவியலுக்குப் பின்னால் உறங்கினீர், குறட்டை தெருவரை கேட்டது. கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார், நானும்தான்.

எழுதியது அவர் இல்லையாம். அப்படி ஒரு பக்கம் இருப்பதே அவருக்குத் தெரியாதாம். அவருடைய மைத்துனன் படித்து, மாமனார் வீட்டில் எல்லோருக்கும் காட்டி, குறட்டை விடவா வேலைக்குப் போகிறார் என்று கேட்டார்களாம். மறுநாள் காலையில் கையில் இஸ்திரிப் பெட்டியோடு என் முன்னால் வந்து நின்றார். “அம்மா, அத நான் எழுதலை. ஆனா இப்ப எழுதப் போறேன்.” எழுதினார். பக்கத்தை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அவர் ஒற்றை நட்சத்திரம் போட்டதைப் பார்த்து இன்னொருவரும் அதையே போட, ரெண்டு புள்ளி ஆறு, ரெண்டு புள்ளி ஒன்று ஆயிற்று.

அதற்குமேல் என் வார்த்தையை நம்பாமல், உன் வார்த்தையையே எடுத்துப் போட்டேன். கோபித்துக்கொள்ளாதே, ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், மனம் திறந்து எழுதியதற்கு நன்றி, என் அறைக்கதவு எப்போதும் திறந்திருக்கும்” என்று எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடைசி வரியைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். “புதன்கிழமைக்குள் இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டப்படும்” என்று நீ யாருக்கோ எழுதியிருந்தாய், அதுவும் சேர்ந்தே வந்துவிட்டது. புதன்கிழமை எல்லோரும் நீராவி அறையில் நின்று சுவரை அண்ணாந்து பார்க்கிறார்கள். என்னம்மா வேடிக்கை என்று உன் அத்தான் கேட்க, அவர்கள் போனை நீட்ட, அவர் என்னைப் பார்த்தார். மாலைக்குள் ரெண்டு ஃபேன் மாட்டியாயிற்று. ஏணியில் நின்றுகொண்டு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அந்தக் கதவு விஷயமும் வினையாயிற்று. உனக்கு அறை இருக்கிறது, கதவு இருக்கிறது. எனக்கு இருப்பது பட்டறைக்குப் பின்னால் சமையலறை. கதவு திறந்திருக்கும் என்று எழுதியிருந்தீங்களே என்று ஒவ்வொருவராக அங்கே வர ஆரம்பித்தார்கள். நான் காய் நறுக்க நறுக்க, கையுறை இல்லை, சோப்புத்தூளில் விரல் வெடிக்கிறது, விடுமுறைப் பட்டியலைச் சொல்லாமல் மாற்றுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டேன். நான்காவதாக மடிப்பக்கா வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பிரார்த்தனையைப் பற்றி எழுதியது நான்தான் என்றாள். பதினான்கு வருடம் என் பக்கத்தில் கை கூப்பி நின்றவள்.

“எட்டே காலுக்கு வேலை. நீங்க எட்டுக்கே வந்து நிக்கச் சொல்றீங்க. பள்ளிக்கூட கேட்டே எட்டுக்குத்தான்மா தெறக்கும். புள்ளைய பூட்டின கேட்டுக்கு வெளிய தனியா விட்டுட்டுத்தான் ஓடி வர்றேன். நீங்க கண்ண மூடுங்கன்னு சொன்னா எனக்கு அந்த கேட்தான் தெரியுது.”

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். நீங்க கேட்டதில்லையே என்றாள். அவள் எந்தெந்த நாள் கண்ணைத் திறந்தாள் என்று என் நோட்டில் இருக்கிறது. ஏன் திறந்தாள் என்று இல்லை. அப்புறம்தான் உன் சலவை நிலையத்தில் இடம் கிடைத்ததைச் சொன்னாள். “அங்க மொதல்ல, எத்தன மணிக்கு வர முடியும்னு கேட்டாங்கம்மா” என்றாள். அந்த ஒரு வார்த்தை, தங்கையே, நாற்பத்தொரு பேருடைய நட்சத்திரத்தையும்விட எனக்குச் சுருக்கென்று குத்திற்று. அதை நீ கேட்டிருக்கிறாய். நான் கேட்கவில்லை.

மறுநாளே யாருடைய எழுத்தையும் பார்க்காமல் நானாக எழுதினேன். பிரார்த்தனை இனி எட்டரைக்கு, வேலை நேரத்துக்குள், இஷ்டமுள்ளவர் நிற்கலாம், பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருகிறவர்களுக்கு அவசரமில்லை, இத்தனை வருடம் கேட்காதது என் தப்பு. முதல் நாள் நானும் உன் அத்தானும் கொதிகலனும்தான் நின்றோம். மூன்றாம் நாள் இஸ்திரிக்காரர் வந்து கண்ணை மூடி நின்றார். தூங்கினாரோ என்னவோ, நான் நோட்டில் குறிக்கவில்லை.

இனியாவது புரிந்துகொள். உனக்கு நாற்பத்தொரு பேர். எனக்கு இவள் ஒருத்தி. வேலை இல்லை என்று அவளிடம் நீயே சொல்லிவிடு. உன் வீட்டுக்காரருக்கு என் மரியாதை. பிள்ளைகள் நன்றாகப் படித்து உன்னைப்போல் எழுதட்டும், ஆனால் அதைச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் படித்துக் காட்ட வேண்டாம்.

உன் நலத்தை மட்டுமே நினைக்கும்
அக்கா

பின்குறிப்பு: உறையில் போடும்போது மடிப்பக்கா வந்தாள். உன்னிடம் வரப்போவதில்லையாம். போன செவ்வாய்க்கிழமை உங்கள் பக்கத்தில் யாரோ ஒரு நட்சத்திரம் போட்டு, வெளியே சிரிப்பார்கள் உள்ளே மதிக்க மாட்டார்கள், உடன்பிறந்தவளைக்கூட வருடத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று எழுதியிருந்ததாம். அதைப் படித்துப் பயந்துவிட்டாளாம். அது நான். உன்னைப் பற்றிக் குறைத்துச் சொன்னதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், சொல்லவில்லைதான், எழுதினேன். எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. பொய்யைச் சொல்லி அவளை நிறுத்திக்கொண்டு நாளை எட்டரைக்கு எப்படிக் கை கூப்புவேன்? அவளிடமே சொல்லிவிட்டேன். சிரித்தாள், அப்படியென்றால் ஒருதரம் போய்ப் பார்க்கிறேன் என்கிறாள். வெள்ளிக்கிழமை நானே அவளை அழைத்து வருகிறேன், பார்த்து அவளே முடிவு செய்யட்டும். அந்த ஒரு நட்சத்திரத்துக்கு நீ போட்ட பதிலையும் உன் அத்தான் படித்துக் காட்டினார். “உங்கள் வருத்தம் நியாயமானது, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், சாப்பிடாமல் வாருங்கள்.” எந்த முதலாளி எந்த வேலைக்காரருக்கு அப்படி எழுதுவார் என்று அவர் வியந்துகொண்டிருந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, உனக்குத் தெரிந்துவிட்டது என்று. இரண்டு பேருக்குச் சேர்த்து உலை வை.