இருசம்மாள் நீட்டிய கை

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் எதுவும் இல்லை. ஆனாலும் வாசலில் செருப்பு விட இடமில்லை. மேடையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவர் 'தன்னம்பிக்கைத் திலகம்' ஆதித்ய ராஜ். மனிதனுக்குத் தன்னம்பிக்கை இல்லாமல் போவதற்கு அவன் பெயர்தான் காரணம் என்று 2009-ல் கண்டுபிடித்த மேதை. இவரே ஒரு காலத்தில் வெறும் ராஜாமணியாம். அந்தப் பெயரில் மூன்று கடை வைத்து மூன்றும் படுத்ததாம். பெயரை மாற்றினாராம், கார் வந்ததாம். கடையில் ஒழுங்காக உட்கார்ந்து வியாபாரம் பார்த்தாரா என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

கடலூர், நெல்லிக்குப்பம், லால்பேட்டை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். பத்தாவதில் பெயிலான பையன், வரன் அமையாத பெண், பிரமோஷன் கிடைக்காத குமாஸ்தா. எல்லோருக்கும் ஒரே வியாதி, ஒரே மருந்து.

குருவின் சோதனை ரொம்பச் சுலபம். கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பழைய பெயரைச் சொல்ல வேண்டும். குரு இரண்டு விரலால் அழுத்துவார். கை பொத்தென்று விழும். அவர் வைத்த புதுப் பெயரைச் சொன்னால் அதே கை அசையாமல் நிற்கும். ஜனங்கள் கைதட்டுவார்கள். தட்டி முடித்த கையோடு பணம் கட்டுகிற வரிசைக்குப் போவார்கள்.

போன மாதம் அந்த வரிசையில் நின்றவள்தான் இருசம்மாள். தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண், மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி வருஷம். ஒரு கம்பெனி இன்டர்வியூவில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே போனவளுக்கு வாயே திறக்கவில்லை. குரு அவளுக்குச் 'சுவேதா' என்று பெயர் வைத்தார். பெயர் எழுதிய அட்டை ஒன்றையும் விற்றார். "பாக்கெட்லயே வச்சிக்கம்மா. வாயால சொல்லக்கூட வேணாம், எழுத்துக்கே சக்தி இருக்கு" என்றார். அடுத்த வாரம் இன்னொரு இன்டர்வியூ. அதற்கு ஆசி வாங்க வந்தவளுக்கு இன்று புதுக் குண்டு காத்திருந்தது.

"ஒங்கப்பா மீன்புடி போட்டுக்கும் அந்தப் பழைய பேருதானம்மா? அத மொதல்ல அழிச்சிடுங்க. கடலுக்கு ஆவாத பேரு. சுனாமிலயே புரிஞ்சிருக்கணும்" என்றார் குரு.

சுனாமி என்ன, பெயர்ப் பட்டியல் பார்த்தா வந்தது? ரமேஷையும் கொண்டு போயிற்று, ராஜேஸ்வரியையும் கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு கிடைத்த ஃபைபர் போட்டில்தான் அப்பா காத்தவராயன், பிழைத்துக் கிடந்த மகளின் பெயரைச் சிவப்பில் எழுதி வைத்தார். கடலுக்குப் போகிற மனிதரின் உயிர் என்றதும் இருசம்மாள் அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டு, புதுப் பெயர் எழுதப் பெயின்ட் வாங்கி வைக்கச் சொன்னாள்.

கூட வந்திருந்த அம்மா தைலம்மாள் விறுவிறுவென்று மேடை ஏறினாள்.

"எம் பேரையும் பாத்துடுங்க சாமி. தைலம்மா."

நீட்டிய கையைக் குரு அழுத்தினார். அசையவில்லை. மணிக்கட்டுக்கு நகர்ந்து அழுத்தினார். விரல் நுனிக்கே போய் இரண்டு கையாலும் தொங்கினார். இருபது வருஷம் மீன் கூடை சுமந்த கை அது. மண்டபம் சிரித்தது.

"இது ராசியான பேரு" என்றார் குரு, மூச்சு வாங்கியபடி.

"அப்ப எல்லாருக்கும் தைலம்மான்னே வச்சி உட்டுடுங்களேன்."

இருசம்மாள் சிரிக்கவில்லை. அவர் விரல் நகர்ந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம் அவளுடைய பழைய பெயருக்கு மணிக்கட்டில் அழுத்தினார், புதுப் பெயருக்கு முழங்கை ஓரமாக அழுத்தினார். தோளிலிருந்து தள்ளிப் போய் அழுத்தினால் சீக்கிரம் சாயும் என்பது முதல் வருஷ நெம்புகோல் பாடம். பரீட்சையில் அதற்குப் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டு, இங்கே வந்து ஏமாந்திருக்கிறாள்! அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"ஐயா, எழுத்துக்கே சக்தி இருக்குன்னீங்கல்ல? எட்டுச் சீட்டு எழுதறேன். நாலுல பழைய பேரு, நாலுல புதுப் பேரு. அம்மா குலுக்கி ஒண்ணு எடுத்து எங் கையில குடுக்கட்டும். எது வந்துச்சின்னு எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. நீங்க இந்த வாட்ச்சு மேலயே அழுத்துங்க. நகரக் கூடாது."

"அதெல்லாம் நம்பிக்கை இல்லாதவங்க பண்றதும்மா..."

"பண்ணுங்க சாமி, பயம் என்னா?" என்றார் பிரமோஷன் கிடைக்காத குமாஸ்தா.

முதல் சீட்டு. கை விழுந்தது. பிரித்தால், சுவேதா. இரண்டாவது. கை நின்றது. பிரித்தால், இருசம்மாள். மூன்றாவதற்கு விழுந்தது. மறுபடியும் சுவேதா! நான்காவதற்கும் விழுந்தது, பிரித்தால் இருசம்மாள்; கைக்கு எந்தப் பெயரும் ஒன்றுதான். ஐந்தாவது சீட்டில் குரு தண்ணீர் கேட்டார். ஆறாவதில், இன்றைக்கு அலைவரிசை சரியில்லை என்றார். ஏழாவதற்கு ஆளில்லை. பின்கதவுப் பக்கம் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. மறந்துவிட்டுப் போன மாலை மட்டும் நாற்காலியில் கிடந்தது.

வாசலில் செருப்புத் தேடிக்கொண்டே குமாஸ்தா பக்கத்து ஆளிடம் கேட்டார்: "வேற நல்ல குரு யாராச்சும் இருக்காங்களா சார்?"

அடுத்த வாரம் கடலூரில் இன்டர்வியூ. பெயரைக் கூப்பிட்டதும் பின்னால் யாரோ சிரித்தார்கள். இருசம்மாள் திரும்பிப் பார்த்தாள், "நாந்தான்" என்றாள், உள்ளே போனாள். வேலை கிடைத்தது. பெயரால் இல்லை, கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருந்ததால். அவற்றில் ஒன்று நெம்புகோல் பற்றியது.

போட்டில் பெயரை மாற்றி எழுதக் காத்தவராயன் வாங்கி வைத்திருந்த சிவப்பு பெயின்ட் வீணாகவில்லை. வெளுத்துப் போயிருந்த 'இருசம்மாள்' மேலேயே இன்னொரு கோட்டிங் பளிச்சென்று அடித்தார்.

ஐயா, அம்மா, கையை யாரிடம் வேண்டுமானாலும் நீட்டுங்கள். கழுத்துக்கு மேலே இருப்பதை மட்டும் நீட்டாதீர்கள். அதை அழுத்திப் பார்க்க ஊருக்கு ஒரு ராஜாமணி காத்திருக்கிறான்.